திங்கட்கிழமை வாடை: அலுவலகக் காற்று பற்றி வாசகர் கேள்விகள்

ஏர்கோன், ஈரம், பூஞ்சை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் அலுவலகம் ஓர் உயர்ந்த கட்டடத்தின் 14-ஆவது மாடியில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தாலே நனைந்த சாக்கு வாடை. சீலிங்கில் குளிர்காற்று வரும் துவாரங்களைச் சுற்றிக் கரும்புள்ளிகள். நிர்வாகம் ஆள் வைத்துக் காற்றை அளந்தது. “பூஞ்சை 460, வரம்பு 1000, ஆகவே பிரச்சினை இல்லை” என்று கடிதமும் வந்துவிட்டது. நம்பலாமா?
– அலுவலக மேலாளர், பங்சார், கோலாலம்பூர்

எண்ணை நம்பலாம். அந்த ‘ஆகவே’யை நம்ப வேண்டாம்.

1000 என்ற வரம்பு, டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நடைமுறைக் கோவையில் உள்ளது. ஒரு கன மீட்டர் காற்றில் இருந்து தட்டில் முளைக்கக்கூடிய பூஞ்சைக் கூட்டங்களின் எண்ணிக்கை அது. பாக்டீரியாவுக்கு 500. இந்த எண்ணைத் தாண்டினால் நோய், தாண்டாவிட்டால் சுகம் என்று கோவை சொல்லவில்லை. தாண்டினால் மேற்கொண்டு துருவிப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளமாகத்தான் வைத்திருக்கிறது.

உங்கள் 460 எப்படி வந்திருக்கும் என்று பாருங்கள். வழக்கமான கருவி நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை உறிஞ்சி, 400 நுண்துளைகள் வழியே ஊட்டத்தட்டின் மேல் அடிக்கும். இரண்டு நிமிடம் ஓடினால் 56.6 லிட்டர். தட்டில் முளைக்கும் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் ஏறக்குறைய 18 ஆகும். 460 என்பது 26 புள்ளிகள்தாம். ஒரு வாரத்தில், ஓர் இடத்தில், இரண்டு நிமிடம். பூஞ்சை சீராக வித்துகளை விட்டுக்கொண்டிருப்பதில்லை. சீலிங் பலகையைத் தூக்கும்போதும், காலையில் ஃபேன் ஓடத் தொடங்கும்போதும், கம்பளத்தை வேக்குவம் செய்யும்போதும் மொத்தமாகக் கிளம்பும். பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த மாதிரிக்குத் திங்கள் காலை வாடை தெரியாது. செத்த வித்துகள் தட்டில் முளைக்காது. ஆனால் தும்மலை வரவழைக்க அவை உயிரோடு இருக்கத் தேவையில்லை.

அறிக்கையில் வேறு இரண்டு செய்திகளைத் தேடுங்கள். ஒன்று, அதே நாளில், அதே முறையில் கட்டடத்துக்கு வெளியே எடுத்த மாதிரி. வெளிக்காற்றில் பூஞ்சை எப்போதும் உண்டு. வடிகட்டியைத் தாண்டி உள்ளே வரும் காற்றில் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும், வகைகள் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். இரண்டு, அந்த வகைகளின் பெயர். வெளியே கிளாடோஸ்போரியம் அதிகமாகவும் உள்ளே பெனிசிலியம், ஆஸ்பெர்ஜிலஸ் அதிகமாகவும் இருந்தால், மொத்தம் 200-தான் என்றாலும் உள்ளே எங்கோ வளர்ச்சி இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற பெயர் ஒரே ஒரு முறை வந்தாலும் விடாதீர்கள். அதன் வித்து பிசுபிசுப்பானது, காற்றில் எளிதில் பறக்காது. அது காற்றிலேயே அகப்பட்டால், ஜிப்சம் பலகையோ காகித அட்டையோ நன்றாக ஊறிக் கிடக்கிறது என்று பொருள்.

இனி உங்கள் திங்கட்கிழமைக்கு வருவோம். மற்ற வேலைகளுக்கு முன் பனிநிலையைக் கணக்கிடுங்கள், அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. சார் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை மனக்கணக்கே போதும்: நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வருவதை அறை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். அறை 24 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் பனிநிலை 18. வெளியே 31 டிகிரி, 70 என்றால் 25. சீலிங் துவாரத்தில் வரும் காற்றோ 13, 14 டிகிரி. அந்த உலோகத் தகடு குளிர்சோடா போத்தல் மாதிரி வியர்க்காமல் என்ன செய்யும்?

வெள்ளி மாலை குளிரூட்டல் நிற்கிறது. கழிவறைக் காற்றுப்போக்கி மட்டும் இரண்டு நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக, சன்னல் சட்ட இடுக்குகளிலும் லிஃப்ட் குழியிலும் இருந்து ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கம்பளமும் காகிதமும் சீலிங் பலகையும் இரண்டு நாள் அதைக் குடிக்கின்றன. ஒரு பரப்பை ஒட்டியுள்ள காற்றின் ஈரப்பதம் 80-க்கு மேல் நிலைத்துவிட்டால் பூஞ்சைக்கு அதுவே போதும், நீர் சொட்ட வேண்டியதில்லை. திங்கள் காலை ஃபேன் வாடையைக் கிளப்புகிறது.

சோதிப்பது எளிது. ஈரப்பதத்தைப் பதிவுசெய்யும் சிறு கருவியை வெள்ளி மாலை மேசை மேல் வைத்துவிட்டுப் போங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். வைப்பதற்கு முன் கருவியையே சோதியுங்கள்: ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, சில துளி நீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்து இறுக்கமான நெகிழிப்பையில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். வாரயிறுதிக் கோடு 70-க்கு மேலேயே கிடந்தால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை: குளிரூட்டல் நிற்கும்போது கழிவறைக் காற்றுப்போக்கியும் வெளிக்காற்று டேம்பரும் (வெளிக்காற்றை உள்ளே விடும் அடைப்புத் தகடு) சேர்ந்தே மூடப்பட வேண்டும், ஈரப்பதம் 65-ஐத் தாண்டினால் சனி ஞாயிறிலும் குளிரூட்டல் தானாகச் சற்று நேரம் ஓட வேண்டும், காலையில் காயில் எனும் குளிர்சுருள் குளிர்ந்த பிறகே வெளிக்காற்று டேம்பர் திறக்க வேண்டும்.

கரும்புள்ளி எல்லாமே பூஞ்சை இல்லை. துவாரத்தைச் சுற்றிக் கதிர்போலப் படிந்த கறுப்பு பெரும்பாலும் அறைத் தூசிதான். ஒளிபுகும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு காற்று மாதிரியைவிட இதற்குச் செலவும் குறைவு, பதிலும் தெளிவு.

கேள்வி: பூஞ்சை வராமலிருக்க ஏர்கோனை 18 டிகிரியில் வைக்கச் சொல்கிறார் முதலாளி. சரியா?
– குமாஸ்தா, ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர்

தவறு. 18-இல் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், ஈரத்தையும் பிழியும். ஆனால் சுவர், மேசை, அடுத்த அறையின் தடுப்பு எல்லாம் சில்லிட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் வியர்க்கும். டோஷ் கோவை சொல்வது 23 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 70. 24-இல் வையுங்கள். ஃபேனை ‘ஆட்டோ’வில் விடுங்கள். கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் சுற்றினால் காயிலில் தங்கிய நீர் மறுபடியும் அறைக்கே ஆவியாகத் திரும்பும். முதலாளியிடம் சொல்லும்போது மின்கட்டணத்திலிருந்து தொடங்குங்கள், காது கொடுத்துக் கேட்பார்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலை அலுவலகப் பகுதிக்குக் காற்று மாதிரி எடுக்க ஆட்கள் வரப்போகிறார்கள். நான் பக்கத்தில் நின்று எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– பாதுகாப்பு அதிகாரி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

முதலில், வருபவர் டோஷில் பதிவுபெற்ற உட்புறக் காற்றுத்தர மதிப்பீட்டாளரா என்று பாருங்கள். அடுத்து எத்தனை இடம். 3,000 சதுர மீட்டருக்குக் குறைந்த பரப்பில் 500 சதுர மீட்டருக்கு ஓர் இடம். 3,000 முதல் 5,000 வரை 8 இடங்கள், 10,000 வரை 12. குழாய் வாய் தரையிலிருந்து 75 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்தில், ஆள் உட்கார்ந்து மூச்சுவிடும் மட்டத்தில் இருக்க வேண்டும். குளிர்காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே வைத்தால் ஏஎச்யூ எனும் காற்றுக் குளிரூட்டும் பெட்டியின் காற்றைத்தான் அளப்பீர்கள், அறையின் காற்றை அல்ல.

பூஞ்சை மாதிரிக்கு வந்தால் தவறுகள் பெரும்பாலும் கைவேலையில்தான். பம்பின் ஓட்டத்தை அன்றைக்கே, தட்டைக் கருவிக்குள் வைத்த நிலையில் அளந்து 28.3 லிட்டரா என்று சரிபார்க்க வேண்டும். போன மாதச் சான்றிதழைக் காட்டினால் போதாது. ஒவ்வோர் இடத்துக்கும் இடையே கருவித் தலையை 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைத்து, முழுதாக உலரவிட வேண்டும். ஈரம் இருக்கும்போதே தட்டை வைத்தால் ஆல்கஹால் ஆவியே வித்துகளைக் கொன்று எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். திறக்காத தட்டு ஒன்று மற்றத் தட்டுகளோடு பயணம் செய்து, அவற்றோடே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய மாதிரிகள் அனைத்தும் சந்தேகத்துக்குரியவை. தட்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்து, கூடிய சீக்கிரம் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பினாங்கு வெயிலில் பூட்டிய காரில் ஒரு மதியம் கிடந்தால் போதும், முளைக்க எதுவும் மிஞ்சாது.

எந்த ஊட்டம் என்று கேளுங்கள். மால்ட் அகார் பொதுவானது. அலுவலகத் தூசியில், குறைந்த ஈரத்தில் வாழும் ஆஸ்பெர்ஜிலஸ் வகைகளுக்கு டிஜி18 நல்லது. இரண்டையும் வைப்பவர் வேலை தெரிந்தவர். 25 டிகிரியில் 5 முதல் 7 நாள் வளர்க்க வேண்டும். மூன்றாம் நாளே அறிக்கை வந்தால் மெதுவாக வளரும் வகைகள் கணக்கிலேயே வரவில்லை என்று பொருள்.

எண்ணிக்கை பெரிதானால் இன்னொரு சிக்கல். 400 துளைகளில் ஒரே துளை வழியே இரண்டு மூன்று வித்துகள் விழுந்தாலும் தட்டில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். இதற்குத் திருத்த அட்டவணை உண்டு: 200 புள்ளி எண்ணினால் 277 என்று கொள்ள வேண்டும். அட்டவணையைப் பயன்படுத்தினார்களா என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். போலி அறிக்கையைக் கண்டுபிடிக்கவும் இந்தக் கணக்கு உதவும். இரண்டு நிமிடம் எடுத்த ஒற்றைத் தட்டில் 18, 35, 53 என்றுதான் சிறிய எண்கள் வரும். 10, 25, 40 என்று அழகாக அடுக்கியிருந்தால் மூலத் தாளைக் கேளுங்கள்.

கேள்வி: ஏஎச்யூ அறையில் தண்ணீர்த் தட்டு நிரம்பி வழிகிறது. குழாய் அடைப்பு இல்லை. ஃபேனை நிறுத்தினால் நீர் கடகடவென்று இறங்கிவிடுகிறது. ஓட்டினால் மறுபடியும் தேங்குகிறது. என்ன மாயம் இது?
– பராமரிப்புத் தொழில்நுட்பர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஃபேன் காயிலுக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் வகை ஏஎச்யூ இது. பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. அந்த இழுப்பு, வெளியேற வேண்டிய நீரைக் குழாயிலேயே பிடித்து வைத்திருக்கிறது. நீர் வெளியேறும் வளைகுழாயின் ஆழம் போதவில்லை.

பெட்டியின் இழுப்பை அளவியில் பாருங்கள். 500 பாஸ்கல் என்றால் 50 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். அதோடு 25 கூட்டுங்கள். தட்டின் வெளிவாயிலிருந்து வளைகுழாயின் வெளியேறும் மட்டம் வரை 75 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். அந்த மட்டத்துக்குக் கீழே இன்னும் அதில் பாதி, ஏறக்குறைய 38 மில்லிமீட்டர், நீர் நிற்க வேண்டும். வடிகட்டி அழுக்கேற ஏற இழுப்பும் கூடும். ஆகவே அழுக்கு வடிகட்டியோடு அளந்த எண்ணையே கணக்கில் எடுங்கள். பல இடங்களில் பெட்டியைத் தரையோடு உட்கார்த்திவிட்டு, இறக்கத்துக்கு இடமே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். அப்போது பெட்டியை மேடையில் தூக்குவதைத் தவிர வழியில்லை. இரண்டு ஏஎச்யூக்களை ஒரே வளைகுழாயில் சேர்க்காதீர்கள். ஒன்று நிற்கும்போது மற்றது அதன் வழியே காற்றை உறிஞ்சும்.

சரிசெய்தபின் ஃபேன் ஓடும்போதே தட்டில் இரண்டு லிட்டர் நீரை ஊற்றிப் பாருங்கள். நிற்காமல் போக வேண்டும். தட்டு வெளிவாயை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். தட்டில் வழவழப்பான கூழ் படிந்திருந்தால் சுரண்டி எடுத்துக் கழுவுங்கள். அதன் மேல் மாத்திரை போட்டுப் பயனில்லை.

எவ்வளவு நீர் வரும் என்று சிலர் நம்பவே மாட்டார்கள். 50 பேருக்கு வினாடிக்கு 500 லிட்டர் வெளிக்காற்று என்று வையுங்கள். 31 டிகிரி, 70 விழுக்காட்டுக் காற்றை 13 டிகிரிக்குக் குளிர்வித்தால் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் நீர் பிழியும். ஒரு வேலை நாளில் அது ஒரு பீப்பாய்.

கேள்வி: பழைய கடைவீட்டை அலுவலகமாக்கி, சுவருக்குப் பளபளப்பான வைனில் காகிதம் ஒட்டினோம். எட்டு மாதத்தில் காகிதத்தில் இளஞ்சிவப்புக் கறைகள். உரித்துப் பார்த்தால் பின்னால் ஒரே கறுப்பு.
– வழக்கறிஞர் அலுவலகம், லெபோ பந்தாய் அருகில், பினாங்கு

குளிர்நாட்டு வழக்கத்தை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்ததால் வந்த வினை. அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். இங்கே சூடான ஈரக்காற்று வெளியிலிருந்து குளிர்ந்த அறையை நோக்கி வருகிறது. வைனில் ஈரத்தை விடாது. ஆகவே சுவரைக் கடந்து வந்த ஈரம் காகிதத்தின் முதுகில், சில்லிட்ட இடத்தில் சிறைப்படுகிறது. ஒட்டுப்பசை பூஞ்சைக்குச் சோறு. இளஞ்சிவப்பு என்பது பின்னால் வளரும் பூஞ்சையின் சாயம் வைனிலில் ஊறி வருவது.

கடைவீட்டில் இன்னொரு சேர்க்கையும் உண்டு: செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல ஆவியாக விட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் மேலே ஏறும், பெயிண்ட் கொப்பளிக்கும். காகிதம் முழுவதையும் எடுத்துவிடுங்கள். சிமெண்ட் பூச்சையும் பெயர்த்துவிட்டு, சுவர் உலரும்வரை பொறுங்கள். வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். ஈரமானியின் எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அதே சுவரின் மேற்பகுதியில் உலர்ந்த இடத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு வையுங்கள்.

கேள்வி: சீலிங் பூஞ்சைக்குக் குளோராக்ஸ் அடிக்கலாமா? ஓசோன் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறதே?
– துப்புரவுக் குத்தகையாளர், செந்தூல், கோலாலம்பூர்

ஓடு, கண்ணாடி, உலோகம் என்றால் சோப்புநீரில் துடைத்து உலர்த்தினாலே போதும். ஜிப்சம் பலகைக்குக் குளோரின் நீர் உதவாது. மேலே வெளுக்கும், நீர் உள்ளே இறங்கிப் பூஞ்சைக்கே குடிக்கக் கொடுக்கும். அந்தப் பலகையை வெட்டி எடுத்து, அங்கேயே தடித்த நெகிழிப்பையில் கட்டி வெளியேற்றுங்கள். மேலே பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து நீங்களே செய்யலாம். அதைவிடப் பெரிது என்றால் நெகிழித் திரை கட்டி, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியோடு காற்றை வெளியே இழுத்துக்கொண்டே செய்ய வேண்டும். ஏஎச்யூவை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஓர் அறையின் வித்துகள் ஒன்பது அறைக்குப் போகும். குளோராக்ஸை அமோனியா உள்ள கிளீனரோடும் கழிவறை ஆசிட்டோடும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

ஓசோன் வேண்டாம். பணியிட வரம்பே 0.05 பிபிஎம்தான் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பூஞ்சையைக் கொல்லும் அளவு அதைவிடப் பல மடங்கு. கொன்றாலும் செத்த பூஞ்சை அங்கேயேதான் கிடக்கும்.

கேள்வி: கூட்ட அறைக்குக் காற்றுத்தரக் கருவி ஒன்று வாங்கினோம். கரியமில வாயு 1450 பிபிஎம் காட்டுகிறது. புகைமூட்டக் காலத்தில் பிஎம்2.5 எனும் நுண்துகள் அளவும் எகிறுகிறது. எந்த எண்ணை நம்புவது?
– தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர், பாயான் பாரு, பினாங்கு

கரியமில வாயுவை நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. மலிவான கருவிகள் வாரத்தில் தாங்கள் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். 24 மணி நேரமும் ஆள் இருக்கும் அறையில் காற்று ஒருபோதும் அந்த அளவுக்கு இறங்காது. கருவி ஏமாந்து, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். மாதம் ஒருமுறை வெளியே, ஐந்தடி நடைபாதைக்குக் கொண்டுபோய் அரை மணி வையுங்கள், மூச்சு படாமல். 420-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

1450 என்றால் என்ன? அமைதியாக உட்கார்ந்திருப்பவர் விடும் கரியமில வாயுவை வைத்துக் கணக்கிட்டால், ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வரும் அறை 950-க்கு அருகில் நிலைக்கும். 5 லிட்டர் என்றால் 1450. ஆகவே உங்களுக்கு வர வேண்டியதில் பாதிதான் வருகிறது. கோவையின் உச்சவரம்பு 1000. பெரும்பாலும் போன புகைமூட்டத்தில் மூடிய வெளிக்காற்று டேம்பரைத் திறக்க மறந்திருப்பார்கள். போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். திரையில் ‘திறந்துள்ளது’ என்று காட்டும், தண்டு கழன்று தகடு மூடியே கிடக்கும்.

பிஎம்2.5 கருவி துகளில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணுகிறது. ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் நீரேறிப் பருத்து, எண்ணும் கூடிவிடும். சன்னலோரம் வைத்து அளக்காதீர்கள். புகைமூட்ட நாளில் டேம்பரை முழுதாக மூடுவதைவிட, மெர்வ் 13 தரத்து நுண்வடிகட்டி போட்டுப் பாதி திறந்து வைப்பது நல்லது. ஆனால் வடிகட்டியை மாற்றுமுன் ஃபேன் அந்தக் கூடுதல் தடையைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் காற்றோட்டம் குறைந்து, காயில் உறைந்து, நீர் தட்டைத் தாண்டி வழியும். தட்டு வழிந்தால் ஜார்ஜ்டவுன் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.